அப்பாவுக்குக் கொடுத்த கடைசி வேளை மருந்து

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன் என் அப்பா கணையப் புற்றுநோயால் காலமானார். நோய் தெரிந்த பிறகு நான்கே மாதங்கள்தான் இருந்தார். டாக்டர் வலிக்கு எழுதிக் கொடுத்த மார்ஃபின் திரவத்தை நான்தான் வேளை தவறாமல் கொடுத்து, நேரத்தையும் அளவையும் ஒரு நோட்டில் குறித்து வந்தேன். கடைசி நாள் இரவு பத்து மணிக்குக் கொடுத்தேன். நள்ளிரவுக்குப் பிறகு மூச்சு பெரிதாக வாங்கும், மெல்ல அடங்கும், சற்று நேரம் நின்றே போகும், மறுபடி தொடங்கும். விடியற்காலை நாலரை மணிக்கு அடங்கிவிட்டது. "அந்த மருந்தைக் கொடுக்காமல் இருந்திருக்கலாம்" என்று தம்பி ஒருமுறை சொன்னான். அதற்கு முந்தைய வாரம் அப்பா சாப்பிட வாயைத் திறக்க மறுத்தபோது, ஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு அவரைக் கடிந்துகொண்டதும் நினைவுக்கு வருகிறது. நான்தான் அவர் உயிரைக் குறைத்துவிட்டேனா? இரவில் தூக்கமே வருவதில்லை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இல்லை அம்மா, நீங்கள் குறைக்கவில்லை. ஆறுதலுக்காக இப்படிச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். காரணம் நீங்கள் எழுதிவைத்த நோட்டிலேயே இருக்கிறது. வாய்வழியே கொடுக்கும் மார்ஃபின் திரவம் அரை மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கி, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, நான்கு மணி நேரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று டாக்டர்கள் எழுதுவது அதனால்தான். அப்பா காலமானதோ ஆறரை மணி நேரம் கழித்து. சிறுநீரகம் தளர்ந்தவர்களிடம் மருந்தின் வேகம் கூடுதல் நேரம் நீடிக்கக்கூடும் என்பது உண்மை. ஆனால் அளவு மிஞ்சியிருந்தால் அதன் அடையாளமே வேறு: முதலில் தட்டினாலும் எழாத மயக்கம் வரும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், பிறகு மூச்சு ஒரே சீராக மந்தமாகிக்கொண்டே போகும். நீங்கள் கண்டது ஏறி, இறங்கி, நின்று, மீண்டும் தொடங்கும் மூச்சு. மருத்துவர்கள் ஜான் செய்ன் 1818இலும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1854இலும் விவரித்ததால் அவர்கள் இருவர் பெயராலும் அழைக்கப்படும் அந்த மூச்சு, மார்ஃபினை ஒரு துளிகூடத் தொடாத நோயாளிகளிடமும் இறுதி மணி நேரங்களில் காணப்படுவதுதான்.

வேளைக்கு வேளை மருந்து பெறும் எந்த நோயாளிக்கும் ஏதோ ஒரு வேளை கடைசியாக அமைந்தே தீரும். அதைக் கொடுத்தவர் மனதில் மட்டும் அது பழியாக ஒட்டிக்கொள்கிறது. நீங்கள் கொடுக்காமல் இருந்திருந்தால் அப்பா அதே விடியற்காலையை வலியோடு சந்தித்திருப்பார், அவ்வளவுதான்.

சாப்பாட்டு விஷயத்தில் நீங்கள் கடிந்துகொண்டது நடந்ததுதான். அதை நடக்கவில்லை என்று நான் எழுத முடியாது. ஆனால் அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது அப்போது உங்களுக்குத் தெரியாது. முற்றிய புற்றுநோய் உடலெங்கும் கிளப்பிவிடும் அழற்சி, பசியை அணைப்பதோடு தசையையும் கொழுப்பையும் கரைத்துக்கொண்டே இருக்கும். எவ்வளவு ஊட்டினாலும் அந்த மெலிவை முழுமையாகத் திருப்ப முடியாது. கணையமே கெட்டுவிட்டால் செரிமானத்துக்குத் தேவையான நொதிகளும் குறைந்துவிடும். கட்டாயப்படுத்தி உள்ளே அனுப்பும் உணவு குமட்டலையும் புரையேறுவதையும்தான் கூட்டும். இந்தக் கட்டத்தில் உதடு காயாமல் ஈரத்துணியால் ஒற்றியெடுத்தாலே போதும் என்பதை உங்களை முன்கூட்டியே உட்காரவைத்து யாராவது சொல்லியிருக்க வேண்டும். குறை சொல்வதென்றால் மருத்துவர்களாகிய எங்களைச் சொல்லுங்கள். மருந்தின் அளவை எழுதித் தரும் நாங்கள், அடுத்து என்னென்ன நடக்கும் என்பதைப் பல வேளைகளில் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

தம்பி சொன்னதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. அவருக்கும் அப்பாதான் போயிருக்கிறார். அந்தக் கோபத்தை வைக்க ஓர் இடம் தேடியிருக்கிறார்.

இன்னொன்று. எட்டு மாதங்களாகத் தூக்கம் இல்லை என்கிறீர்கள். துயரம் ஆறு மாதங்களைத் தாண்டியும் கடுமை குறையாமல் அன்றாட வாழ்க்கையை முடக்கினால், அதற்குத் தனிச் சிகிச்சை தேவை என்றே உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடு கருதுகிறது. நீங்கள் அந்த நிலையில்தான் இருக்கிறீர்கள் என்று ஒரு கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. மனநல மருத்துவர் ஒருவரைப் பாருங்கள்; தள்ளிப்போட வேண்டாம். அதற்கு முன்பாகவோ பின்பாகவோ, அப்பாவுக்குச் சிகிச்சை அளித்த டாக்டரிடம் நேரம் கேட்டு, அந்த நோட்டோடு தம்பியையும் அழைத்துச் செல்லுங்கள். கடைசி மூன்று நாள் பக்கங்களை அவர் ஒவ்வொரு வரியாகப் படித்து விளக்கட்டும். தம்பியும் பக்கத்தில் அமர்ந்து கேட்கட்டும்.