வாசகர் கேள்வி: நிழலுக்கு ஏற்ற பெரணி

கேள்வி: வீட்டுக்கு வடக்கே, மாமரத்தடியில் வெயிலே விழுவதில்லை. அங்கே பெரணி வைக்கலாமா? சென்னை வெயிலைத் தாங்கும் வகை எது?
– வாசகி, தாம்பரம்

பதில்: தாராளமாக வைக்கலாம். நெஃப்ரோலெபிஸ் கார்டிஃபோலியா வகையைக் கேட்டு வாங்குங்கள். வளர்ந்த செடியின் மண்ணை லேசாகக் கிளறினால், வேரோடு சுண்டைக்காய் அளவில் கிழங்குகள் தெரியும். அவற்றில் நீர் சேர்த்து வைத்திருப்பதால், இலை காய்ந்துபோனாலும் மறுபடி துளிர்க்கும். பறவைக்கூடு பெரணியும் நன்றாக வரும். ஆனால் அதன் நடுக்குழியில் தண்ணீர் ஊற்றக் கூடாது, குருத்து அழுகிவிடும். மெய்டன்ஹேர் பெரணி பார்க்க அழகுதான். ஆனாலும் அக்னி நட்சத்திரத்தில் ஒருநாள் மண் காய்ந்தாலே சருகாகிவிடும் என்பதால், அதை ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு விட்டுவிடுவது நல்லது.

மாமரத்தின் மேல்வேர்கள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். எனவே அடிமரத்திலிருந்து இரண்டடி தள்ளியே நடுங்கள். அடிமரத்தை ஒட்டி மண் ஏற்றினால் பட்டை அழுகும். இலைமட்கு 2 பங்கு, செம்மண் 1 பங்கு, தென்னை நார்க்கழிவு 1 பங்கு கலந்துகொள்ளுங்கள். நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரவு முழுக்க ஊறவைத்து, பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். செடிக்குச் செடி ஒன்றரை அடி இடைவெளி போதும். குருத்து கிளம்பும் இடம் மண்ணுக்கு மேலே தெரியட்டும், புதைத்தால் அழுகும். நெஃப்ரோலெபிஸ் ஓடுதண்டு விட்டுப் பரவும். பாத்தியைச் சுற்றிச் செங்கல் பதித்து, வெளியே வருவதை அவ்வப்போது பிடுங்கிவிடுங்கள்.

கேள்வி: பெரணி இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். என்ன மருந்து அடிக்கலாம்?
– வாசகர், கோவை

பதில்: மருந்தே வேண்டாம்! அவை வித்துப்பைகள். ஒவ்வொரு சிற்றிலையிலும் நடுநரம்புக்கு இருபுறமும் ஒரே சீராக இருக்கும். முற்றியதும் தட்டினால் பழுப்புத் தூள் கொட்டும். செதில்பூச்சி என்றால் காம்பிலும் இலையிலும் ஒழுங்கில்லாமல் ஒட்டியிருக்கும், நகத்தால் நெம்பினால் ஓடு போலப் பெயரும், பிசுபிசுப்பும் எறும்பும் கூடவே வரும். அப்போதும் ஈரப்பஞ்சால் துடைத்தெடுங்கள், மோசமான இலைகளை வெட்டிவிடுங்கள். வேப்பெண்ணெய்க் கரைசல் மற்ற செடிகளுக்கு நல்லதே. பெரணியின் மெல்லிய இலையையோ அது கருக்கிவிடக்கூடும்.

கேள்வி: நிழலில் வைத்து, தினமும் நீர் விட்டும் இலை நுனி கருகுகிறதே?
– வாசகி, ராமநாதபுரம்

பதில்: உங்கள் போர் தண்ணீரின் உப்பாக இருக்கலாம். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பூச்சு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மாதம் ஒருமுறை மழைநீரை அடித்துளை வழியே நன்றாக வடியும்வரை ஊற்றி உப்பைக் கழுவுங்கள். உரத்தையும் பாக்கெட்டில் சொன்ன அளவில் பாதியாகக் குறையுங்கள். கருகிய நுனி பச்சையாகத் திரும்பாது; புது இலை சுத்தமாக வருகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.