சாமுராய்க்குச் சொந்த நிலமா, அரிசிச் சம்பளமா?
ஜப்பானின் போர்வீரர்களான சாமுராய்களைப் பற்றிக் கட்டுரை எழுதப் படித்த இரண்டு புத்தகங்கள் முரண்படுகின்றனவே என்று கேட்கிறீர்கள். இரண்டு புத்தகமும் சரிதான். ஒன்று சாமுராயை நிலக்காரர் என்கிறது, இன்னொன்று அரிசிச் சம்பளக்காரர் என்கிறது என்றால், அவை பேசும் காலம் வேறாக இருக்கும்.

16ஆம் நூற்றாண்டில் பல சாமுராய்கள் கிராமத்திலேயே குடியிருந்து வயலைப் பார்த்துக்கொண்டார்கள். போர் வந்தால் வாளோடு கிளம்பினார்கள். 1588இல், அப்போது ஜப்பானை ஆண்ட ஹிதெயோஷி உழவர்களிடமிருந்த வாள், ஈட்டி, துப்பாக்கியை எல்லாம் பறிமுதல் செய்தார். 1591இல் வந்த ஆணை, வீரர் உழவராக மாறுவதைத் தடுத்தது. அப்புறம், 1600 வாக்கில் தொடங்கிய டோக்குகாவா குடும்பத்தின் ஆட்சியில் பெரும்பாலானவர்கள் கோட்டை நகரங்களில் குடியேறி, டைம்யோ எனும் பிரபுவின் களஞ்சியத்திலிருந்து அரிசி வாங்கிப் பிழைத்தார்கள். அளவு 'கோக்கு': ஏறத்தாழ 180 லிட்டர், ஒருவர் ஓராண்டு சாப்பிடப் போதுமான அரிசி. ஆண்டுக்கு 10,000 கோக்கு விளையும் என மதிப்பிட்ட நிலமாவது இருந்தால்தான் டைம்யோ.

குழப்பும் வரிக்குப் பக்கத்தில் எந்த ஆண்டு இருக்கிறது என்று பாருங்கள். 1600க்கு முன்பா பின்பா என்று தெரிந்தாலே பாதி தெளிந்துவிடும்.

ஒன்று மட்டும் கவனம். கட்டுரையில் 'எல்லாச் சாமுராய்களும்' என்று எழுதிவிடாதீர்கள். ஜப்பானின் தெற்கே சட்சுமா என்ற பகுதியில் 'கோஷி' எனப்பட்ட சாமுராய்கள் டோக்குகாவா காலத்திலும் கிராமத்தில் இருந்து பயிர் செய்தார்கள்.