கூப்பிட்டும் வராதவர்களை எப்படி வரவைப்பது?

கேள்வி: கோவையில் எங்கள் குடியிருப்பில் 160 வீடுகள். அதில் 15 வீடுகளில் வயதானவர்கள் தனியாகவோ கணவன் மனைவி இருவராகவோ இருக்கிறார்கள். பிள்ளைகள் வெளியூர், வெளிநாடு. பொங்கல் விழா, முதியோர் தினம், யோகா வகுப்பு எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டோம். வருகிறவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள். நிஜமாகவே ஒதுங்கிப் போனவர்கள் எட்டிப் பார்ப்பதில்லை. என்ன செய்யலாம்? சங்கத்தில் இருக்கும் கொஞ்சம் பணத்தில் பூங்காவுக்கு உடற்பயிற்சிக் கருவிகள் வாங்கலாமா?
– நலச் சங்கச் செயலாளர்

பதில்: வராதவர்கள் யார் என்று கவனித்தீர்களே, பொதுச் சுகாதார வேலை அங்கேதான் தொடங்குகிறது. தடுப்பூசி முகாமுக்கு வராத குழந்தையை வீடு தேடிப் போகிறோம். இதிலும் அப்படித்தான் போக வேண்டும். இது இரக்கத்தில் செய்கிற காரியம் அல்ல. உலகில் ஆறில் ஒருவரைத் தனிமை வாட்டுகிறது, ஆண்டுக்குச் சுமார் 8,71,000 மரணங்களுக்கு அதோடு தொடர்பு உண்டு என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025 ஜூனில் அறிக்கை வெளியிட்டது. மாரடைப்பு, பக்கவாதம், நீரிழிவு, மறதி நோய் என எல்லாவற்றின் அபாயமும் தனிமையால் கூடுகிறது.

வராதவர்களுக்கு விருப்பமில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல நேரம் காரணம் உடம்பில் இருக்கிறது, அதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள். முதல் காரணம் காது. ஒலிபெருக்கி அலறும் அரங்கில், காது மந்தமானவருக்கு இரைச்சல் கேட்குமே தவிர பேச்சு புரியாது. நாலு தடவை "என்ன, என்ன" என்று கேட்டுவிட்டு, ஐந்தாம் தடவை வராமலே இருந்துவிடுவார். வீட்டார் அதை முசுடு என்பார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒரு செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். காதை அடைத்திருக்கும் அழுக்கை எடுத்தாலே சிலருக்குப் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்தது சிறுநீர். இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை போடுபவர், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர், இருமினாலே சிறுநீர் கசியும் அம்மா, இவர்களெல்லாம் வெளியே கிளம்பும் முன் கழிப்பறை எங்கே என்றுதான் யோசிப்பார்கள். உங்கள் சமுதாயக் கூடத்தின் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறதா, சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். காலையில் நீர் மாத்திரை போடுபவரைப் பத்து மணிக் கூட்டத்துக்கு அழைத்தால் எப்படி வருவார்? மாலை ஐந்து மணிக்கு வையுங்கள்.

இனி அழைக்கும் விதம். வாட்ஸ்அப் குழுவில் போடும் அழைப்பு இவர்களுக்குப் போய்ச் சேராது. ஒரு வீட்டுக்கு ஒருவர், அதுவும் எப்போதும் அதே ஆள், வாராவாரம் போகட்டும். "தனியாக இருக்கீங்களா?" என்று கேட்டால் "எனக்கென்ன குறை" என்றுதான் பதில் வரும். "போன வாரம் யார் வந்து உட்கார்ந்து பேசினாங்க?", "ராத்திரி மூச்சு முட்டினா யாரைக் கூப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத வீடுகளுக்கு முதலில் போங்கள்.

விருந்தாளியாக அழைப்பதைவிட வேலை சொல்லி அழைப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. ஓய்வுபெற்ற வங்கிக்காரரிடம் சங்கக் கணக்கைப் பார்த்துத் தரச் சொல்லுங்கள். கணவரை இழந்த அம்மாவிடம் முதல் பிரசவம் முடிந்து வந்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்துக்கொள்ளக் கேளுங்கள். அந்தப் பெண்ணும் நான்கு சுவருக்குள்தான் இருக்கிறாள். அதே அறிக்கையின்படி தனிமை அதிகம் வாட்டுவது இளவயதினரைத்தான். உங்கள் மாடியில் வாடகைக்கு வந்த ஐடி பையனையும் விட்டுவிடாதீர்கள்.

காது கொடுத்துக் கேட்பதற்குப் பட்டம் தேவையில்லை, பயிற்சி போதும். ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, சுகாதார நிலையத்துக்கு வெளியே மர பெஞ்சில் அமர்ந்து மக்களோடு பேசப் பாட்டிமார்களைப் பழக்கினார். மனச்சோர்வு குறைந்தது 2016இல் வெளியான ஆய்வில் உறுதியானது.

ஆனால் எல்லாவற்றையும் பேசிச் சரிசெய்ய முடியாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் கெட்டு, "போய்ச் சேர்ந்தா போதும்" என்று ஒருவர் அடிக்கடி சொன்னால், வயதானவர் பேச்சு என்று தள்ளாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் 14416 இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும். முதியோர் உதவிக்கு 14567.

பணத்துக்கு வருகிறேன். உடற்பயிற்சிக் கருவிகள் வேண்டாம், ஏற்கெனவே வருகிறவர்களுக்குத்தான் அவை பயன்படும். கைப்பிடியும் சாய்மானமும் உள்ள பெஞ்சுகள் வாங்குங்கள். கைப்பிடி இல்லாத பெஞ்சில் முழங்கால் வலிக்காரர் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. இரண்டை எதிரெதிராகப் போடுங்கள், முகம் பார்த்துப் பேசினால் காது மந்தமானவருக்கும் புரியும். மிச்சமிருந்தால் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு போட்டு, உள்ளே சுவரில் பிடிமானக் கம்பி வையுங்கள்.