என்எஃப்எஸ், சாம்பா இரண்டிலும் பகிர்ந்த ஃபோல்டரில் ஒரே தமிழ்ப் பெயர் இரண்டு முறை தெரிவது ஏன்? எப்படிச் சரிசெய்வது?

உபுண்டு சர்வரில் ஒரே ஃபோல்டரை விண்டோஸுக்கு சாம்பாவிலும் மேக்குக்கு என்எஃப்எஸ்ஸிலும் (இரண்டும் நெட்வொர்க்கில் ஃபோல்டரைப் பகிரும் வழிகள்) கொடுத்திருக்கிறீர்கள். ‘கொள்முதல்’ இரண்டு தடவை தெரிகிறது, ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்து, சிறிய எழுத்துத் தகராறும் இருக்கிறது என்கிறீர்கள். இரண்டும் ஒரே கோளாறுதான். எந்த இரண்டு பெயர்கள் ஒன்று என்பதை உங்கள் அமைப்பில் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாக முடிவு செய்கிறது. அந்த முடிவை சர்வரின் ஃபைல் சிஸ்டத்திடம் மட்டும் விடுங்கள்.

முதலில் தமிழ்ப் பெயர். ‘கொ’வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: க-வுக்குப் பின் ‘ொ’ என்ற ஒற்றைக் குறி, அல்லது ‘ெ’யும் ‘ா’வும் தனித்தனியாக. ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் இதே கதை. திரையில் வித்தியாசமே தெரியாது. பெயரை பிரின்ட்எஃப் வழியாக பைட்டுகளை எண்ணும் டபிள்யூசி மைனஸ் சி கட்டளைக்கு அனுப்பிப் பாருங்கள். ஒரு ‘கொள்முதல்’ 27 பைட், இன்னொன்று 30 பைட் என்று வரும். மேக்கின் பழைய ஃபைல் சிஸ்டமான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்தே சேமித்தது. அங்கிருந்து வந்த ஃபைல்கள் அந்த வடிவத்தையே சுமந்து வருகின்றன. விண்டோஸ் விசைப்பலகையில் அடிப்பது பெரும்பாலும் சேர்ந்த வடிவம். லினக்ஸ் ஃபைல் சிஸ்டமான ஈஎக்ஸ்டி4-க்கு, சாதாரண நிலையில், பெயர் என்பது வெறும் பைட் வரிசை, அதனால் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது.

புரோட்டோகாலும் உதவாது. என்எஃப்எஸ் 3 பெயரை பைட்டாகவே கடத்தும். என்எஃப்எஸ் 4-இன் 2003 வரையறை பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரச் சொன்னது. நடைமுறையில் அது நிலைக்காததால் 2015 திருத்தம் அதைத் தளர்த்தியது. பெரிய, சிறிய எழுத்தைப் பிரித்துப் பார்க்கிறதா என்று சர்வர் சொல்ல அதில் ஒரு பண்பு இருக்கிறது, அவ்வளவுதான்.

சாம்பா விண்டோஸுக்காக எழுத்து வித்தியாசத்தைத் தானே மறைக்கிறது. கேட்ட பெயர் அப்படியே கிடைக்காவிட்டால் ஃபோல்டர் முழுவதையும் வாசித்துத் தேடும். லட்சம் ஃபைல் உள்ள ஃபோல்டரில் புது ஃபைல் உருவாக்குவது இழுப்பது இதனால்தான். என்எஃப்எஸ் வழியாக யாராவது ஒரே பெயரைப் பெரிய எழுத்திலும் சிறிய எழுத்திலும் உருவாக்கிவிட்டால், விண்டோஸில் இரண்டும் பட்டியலில் தெரியும், ஆனால் எதைத் திறந்தாலும் ஒன்றே வரலாம்.

தீர்வு, ஈஎக்ஸ்டி4-இன் கேஸ்ஃபோல்ட் வசதி. லினக்ஸ் 5.2 முதல் இருக்கிறது. புது வால்யூமை ஃபார்மேட் செய்யும்போதே கேஸ்ஃபோல்ட் விருப்பத்தைக் கொடுங்கள். பிறகு காலியான ஃபோல்டரில் சிஎச்-ஆட்டர் பிளஸ் எஃப் கட்டளையால் கேஸ்ஃபோல்ட் கொடியைப் போடுங்கள். காலியாக இல்லாவிட்டால் மறுத்துவிடும். இது பெரிய, சிறிய எழுத்தை மட்டும் சமன்செய்வதில்லை. ஒப்பிடும் முன் பெயரைப் பிரித்த வடிவத்துக்கு மாற்றிப் பார்ப்பதால் இரண்டு ‘கொ’வும் ஒன்றாகிவிடும். இந்தப் பயனைப் பலரும் கவனிப்பதில்லை. உங்கள் ஃபைல் சிஸ்டம் இசட்எஃப்எஸ் என்றால் டேட்டாசெட் உருவாக்கும்போதே நார்மலைசேஷனையும் (பெயர்களை ஒரே வடிவமாகப் பார்ப்பது) கேஸ் சென்சிடிவிட்டியையும் (பெரிய, சிறிய எழுத்தைப் பிரித்துப் பார்ப்பது) அமைக்க வேண்டும். பின்னால் மாற்ற முடியாது.

காப்பி செய்யும் முன் பழைய ஃபோல்டரைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். இல்லையென்றால் ஒரே பெயராகிவிடும் இரண்டு ஃபைல்களில் பின்னால் வருவது முன்னால் வந்ததை அழித்துவிடலாம், எச்சரிக்கையும் வராமல் போகலாம். ஃபைல் பெயர்களின் வடிவத்தை மாற்றும் கான்வ்எம்வி-யை, என்எஃப்சி (சேர்ந்த வடிவம்) விருப்பத்தோடு, எந்த மாற்றமும் செய்யாத சோதனை நிலையில் ஓட்டிப் பட்டியலைப் பாருங்கள் (அதுவே அதன் இயல்பு நிலை). சரியென்றால் நோடெஸ்ட் விருப்பத்தையும் சேர்த்து ஓட்டுங்கள். சேர்ந்த வடிவத்தில் ஏற்கனவே அதே பெயர் இருந்தால் தொடாமல் விட்டுவிடும். அவற்றை நீங்களே ஒப்பிட்டு இணைக்க வேண்டும். அடுத்து முழுப் பாதைகளின் பட்டியலைச் சிறிய எழுத்தாக்கி, சார்ட் செய்து, யூனிக் மைனஸ் டி கொடுத்தால் ஆங்கில மோதல்கள் வந்துவிடும்.

மேக்கில் என்எஃப்எஸ் மவுன்ட் செய்யும்போது என்எஃப்சி விருப்பத்தைச் சேருங்கள். இனி அனுப்பும் பெயர்கள் சேர்ந்த வடிவில் போகும்.

பெயர் நீளத்திலும் இடிக்கும். ஈஎக்ஸ்டி4 பெயருக்கு 255 பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 85 குறிதான். புள்ளியும் ஒரு குறி. விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸில் 255 குறி வரை போகலாம் என்பதால் விண்டோஸில் இருந்து வரும் நீண்ட தமிழ்த் தலைப்புகள் காப்பியாகாமல் நிற்கும்.

லினக்ஸ் கர்னல் சோர்ஸை மட்டும் கேஸ்ஃபோல்ட் ஃபோல்டரில் வைக்காதீர்கள். அதன் நெட்ஃபில்டர் பகுதியில் எழுத்தளவில் மட்டுமே வேறுபடும் ஃபைல் ஜோடிகள் இருக்கின்றன. கிட் ஒன்றின் மேல் இன்னொன்றை எழுதிவிடும். அதற்குக் கேஸ்ஃபோல்ட் கொடி இல்லாத தனி ஃபோல்டர் போதும்.