14 மாதமாக அண்ணனைப் பார்க்காத தம்பி

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறேன். நன்கொடை திரட்டுகிறேன் என்று பிரபலங்கள் ஓடுவதையும் நீந்துவதையும் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. கையில் இருப்பதைச் சத்தமில்லாமல் கொடுத்துவிட்டுப் போகலாமே? டி.வி.யில் முன்னாள் ரக்பி வீரர் கெவின் சின்ஃபீல்ட் ஓடுவதைப் பார்த்து என் மகள் கண் கலங்கினாள். ‘எல்லாம் விளம்பரம்’ என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நானும் உதவாதவன் இல்லை. லெஸ்டரில் பக்கவாதத்தில் படுத்திருக்கும் அண்ணனுக்கு மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறேன். அந்தக் கோலத்தில் அவரைப் பார்க்க மனசு தாங்காததால் 14 மாதமாகப் போகவில்லை, அவ்வளவுதான். இவர்களிடம் நல்லதைப் பார்க்க எப்படிப் பழகுவது?

பதில்: சின்ஃபீல்டை அப்புறம் பார்க்கலாம். ‘அவ்வளவுதான்’ என்று தாண்டிப் போனீர்களே, முதலில் அந்த 14 மாதத்துக்கு வாருங்கள்.

உங்களுக்கு மனசு தாங்கவில்லை. உங்கள் அண்ணிக்கு? புரட்டிப் படுக்க வைப்பதும் வாய் துடைத்துவிடுவதும் ராத்திரி எழுந்து பார்ப்பதும் யார்? அவரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

சின்ஃபீல்ட் ஓடியது, லீட்ஸ் ரைனோஸ் ரக்பி லீக் அணியில் தன்னோடு ஆடிய ராப் பர்ரோவுக்காக. 2019 டிசம்பரில் பர்ரோவுக்கு மோட்டார் நியூரான் நோய் என்று தெரிந்தது. தசைகளை இயக்கும் நரம்புகள் செத்துக்கொண்டே வரும் நோய். கை, கால், பேச்சு எல்லாம் போகும். மறு வருடமே சின்ஃபீல்ட் 7 நாளில் 7 மாரத்தான் ஓடினார். பர்ரோவின் சட்டை எண் 7. 77,777 பவுண்டு சேர்க்க நினைத்தார், 20 லட்சத்தைத் தாண்டியது. சத்தமில்லாமல் கொடுத்திருந்தால் இத்தனை பேர் அந்த நோயின் பெயரையாவது கேட்டிருப்பார்களா? விளம்பரம்தான், நோய்க்குக் கிடைத்த விளம்பரம். கிடைக்கட்டுமே!

பணத்தை விடுங்கள். 2023 மே மாதம் லீட்ஸ் மாரத்தானில் பர்ரோவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து 26 மைலும் தள்ளிக்கொண்டு போனார். முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினார். குனிந்து, நடையும் பேச்சும் போன நண்பனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டினார். அந்தக் கோலத்தில் பார்க்க அவருக்கு மட்டும் மனசு தாங்கியிருக்குமா? உங்கள் மகள் அதைப் பார்த்து அழுதாள். பெரியப்பாவை நினைத்துத்தான் அழுதாளோ என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. அவளிடம் போய் விளம்பரம் என்றிருக்கிறீர்கள்.

கூடப்பிறந்தவர் படுக்கையில் கிடக்கும்போது பணம் அனுப்புவது கடமையில் கால்வாசிகூட ஆகாது. இதில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை. வாசல் பக்கம் சத்தம் கேட்கும்போதெல்லாம் தம்பியோ என்று அவர் பார்த்திருப்பார்.

2021-இல் சின்ஃபீல்ட் 101 மைலை 24 மணி நேரத்தில் ஓடி முடித்தார். லீட்ஸ் வரைக்குமான அந்த ஓட்டம் கிளம்பியது உங்கள் அண்ணன் இருக்கும் அதே லெஸ்டரிலிருந்துதான். ஹாரோவிலிருந்து உங்களுக்குக் காரில் இரண்டு மணி நேரம், கூடிப்போனால் இரண்டரை.

இந்தச் சனிக்கிழமையே மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அண்ணியிடம், ‘இன்றைக்கு நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் வெளியே போய்விட்டு வாருங்கள்’ என்று சொல்லுங்கள். வெந்நீர் வைத்து அண்ணனுக்கு நீங்களே சவரம் செய்துவிடுங்கள். வாதம் வந்த பக்கம் கன்னத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மெதுவாக.