பச்சை இலை கொட்டும் ஃபைகஸ் பெஞ்சமினா

பால்கனியில் இருந்த ஃபைகஸ் பெஞ்சமினாவை (தொட்டியில் அழகுக்காக வளர்க்கும், ஆல் இனத்து மரம்) ஹாலுக்கு மாற்றிய பத்தே நாளில் பச்சை இலையாகவே கொட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பயப்படாதீர்கள், வெளிச்சம் குறைந்தால் இலையை உதிர்ப்பது அந்த மரத்தின் சுபாவம். ஒரு சின்னக் கிளையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. (சுரண்டிய இடத்தில் வடியும் பால் பட்டால் சிலருக்கு அரிக்கும், கையைக் கழுவிவிடுங்கள்.)

தினமும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறீர்களே, அதுதான் எனக்கு இடிக்கிறது. இலை குறைந்த மரம் அவ்வளவு குடிக்காது, வேர் அழுகிவிடும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். அப்புறம், ஏசி காற்று நேராகப் படாத ஜன்னலோரமாக வைத்துவிட்டு நகர்த்தாதீர்கள். நான் பதறிப்போய் வாரம் ஒரு மூலைக்கு மாற்றியே ஒன்றை மொட்டையாக்கியிருக்கிறேன். துளிர் வரும்வரை உரம் வேண்டாம்.