மலை ஏறாத அறிக்கை

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன். சேலத்தில் சமூகப்பணி முதுகலை படிக்கிறேன். பெருந்தொற்றுக் காலத்தில் நலிந்த பிரிவினருக்கு நிவாரணமும் பாதுகாப்பும் கேட்டு ஒரு பொது வேண்டுகோளை மாதிரியாக எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். பழைய அறிக்கைகளைத் தேடியபோது, 2020 ஏப்ரலில் சேலத்து எழுத்தாளர்களும் ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் சேர்ந்து வெளியிட்ட ஒன்று கிடைத்தது. மூன்றாவது கையெழுத்து உங்களுடையது.

அதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவர் காபி எஸ்டேட்டில் தினக்கூலி. "இப்பிடியெல்லாம் எழுதுனாங்களா? மலைக்கு ஒண்ணும் வரலையே" என்றார். நான் மறுபடி படித்துப் பார்த்தேன். தினக்கூலிகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள், புலம்பெயர் தொழிலாளர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். மலை இல்லை.

அப்போது நான் பத்தாம் வகுப்பு. தேர்வு உண்டா இல்லையா என்று தெரியாமல் ஜூன் வரை புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். தவறாக நினைக்காதீர்கள், கேட்கிறேன். இந்த மாதிரி அறிக்கைகளால் யாருக்காவது ஒரு வேளைச் சோறு கிடைத்ததா? எழுதத்தான் வேண்டும் என்றால் எப்படி எழுதினால் பயன்படும்?

(பெயரை வெளியிட வேண்டாம்)
ஏற்காடு

அன்புள்ள தம்பி,

உங்கள் அப்பா சொன்னது உண்மை. தவறாக நினைக்க எதுவும் இல்லை.

நான் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். எங்கள் மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை தெரியும். அந்த ஏப்ரலில் தெருவில் வண்டிச் சத்தமே இல்லை, மலை வழக்கத்தைவிடக் கிட்டத்தில் இருப்பது போலத் தெரிந்தது. மாடியில் நடந்துகொண்டே போனில் பேசித்தான் நாங்கள் ஆறேழு பேர் அந்த அறிக்கையை எழுதினோம். கண்ணெதிரே இருந்த மலையை ஒருவர்கூட நினைக்கவில்லை. உங்கள் கடிதம் வந்ததும் அந்தத் தாளை எடுத்து வரிவரியாகப் பார்த்தேன். "நலிந்த பிரிவினர்" என்ற சொல் ஐந்து இடத்தில் வருகிறது. அந்தச் சொல்தான் எங்களைக் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன். அதை எழுதியதும் எல்லாரையும் சேர்த்துவிட்டோம் என்ற நிம்மதி வந்துவிடுகிறது. அப்புறம் யார், எங்கே, எதனால் என்று யோசிக்கத் தோன்றுவதில்லை.

நிவாரணம் எப்படி வந்தது என்று பாருங்கள். 2020 மார்ச் 24 அன்று தமிழக அரசு, அரிசி வாங்கும் குடும்ப அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் ஏப்ரல் மாதத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை இலவசமாகவும் தருவதாக அறிவித்தது. கட்டடத் தொழிலாளர்களுக்கு உதவி வந்தது, நலவாரிய அட்டை இருந்தவர்களுக்கு. மாற்றுத்திறனாளிகளுக்கு 1,000 ரூபாய் வந்தது, அடையாள அட்டை இருந்தவர்களுக்கு. மத்திய அரசு மூன்று மாதம் 500 ரூபாய் போட்டது, ஜன்தன் கணக்கு இருந்த பெண்களுக்கு. எல்லாம் தேவையான உதவிகள்தான், பலருக்கு உயிர் கொடுத்தவை. ஆனால் ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு அட்டை கேட்டார்கள். அட்டை உள்ளவர் பட்டியலில் இருந்தார். இல்லாதவர் எவ்வளவு பசித்தாலும் பட்டியலில் இல்லை. நாங்கள் எங்கள் அறிக்கையில் 1,000 ரூபாயை 5,000 ஆக்கக் கேட்டோம். பட்டியலில் யார் இல்லை என்று கேட்கவில்லை. முதலில் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான்.

செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளில் கூலிக்கு வேலை செய்கிற குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. பாதி வேலை வீட்டிலேயே நடக்கும். எந்த வாரியத்திலும் பதியாதவர்களை எனக்கே தெரியும். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகளில் வேலைக்கு வந்த வடமாநிலப் பையன்களுக்குக் குடும்ப அட்டை ஊரில் இருந்தது, பசி இங்கே இருந்தது. ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் 1-ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. ஏப்ரலில் அந்த அட்டையால் இங்கே ஒரு கிலோ அரிசிகூட வாங்க முடியாது.

இனி உங்கள் மலை. அட்டை இருந்தும் எட்டாத உதவி ஒன்று உண்டு என்று எனக்குப் புரியவைத்தது அதுதான். மறு ஆண்டு ஒரு எஸ்டேட்டில் வேலை செய்யும் அக்கா ஒருவர் சொன்னார். ரேஷன் கடையில் கூட்டம் சேராமல் இருக்க நாளும் நேரமும் குறித்து டோக்கன் தந்தார்கள் அல்லவா? நகரத்தில் அது நல்ல ஏற்பாடு. அவர் ஊரிலிருந்து கடைக்கு நடந்தே போக வேண்டும், பஸ் ஓடவில்லை. டோக்கனில் போட்ட நாளில் போனால் சரக்கு வண்டி மேலே வந்து சேரவில்லை. மறுநாள் போனால் "உங்க தேதி நேத்தே" என்றார்களாம். மூன்றாம் தடவைதான் அரிசி கிடைத்தது. கடைக்காரரை அவர் குறை சொல்லவே இல்லை. அந்த மனிதரும் கீழேயிருந்து வண்டி வரக் காத்திருந்தவர்தான்.

மலையின் காலக்கணக்கையும் நாங்கள் அறியவில்லை. காபிப்பழம் பறிப்பது பிப்ரவரியோடு ஏறக்குறைய முடிந்துவிடும். மிளகு கொஞ்ச நாள் கைகொடுக்கும். அதன் பிறகு ஏப்ரல், மே மாதங்களில் பல வீடுகளில் அடுப்பு எரிவது மேலே வருகிற சுற்றுலாக்காரர்களால்தான். பலாச்சுளை, மிளகாய் பஜ்ஜி, குதிரைச் சவாரி, விடுதியில் பெருக்கித் துடைக்கும் வேலை. 2020-இலும் 2021-இலும் கோடை விழாவே நடக்கவில்லை, மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளும் வெறிச்சோடிக் கிடந்தன. ஊரடங்கில் வேலை செய்யாத நாளுக்கும் முதலாளிகள் முழுக் கூலி தர வேண்டும் என்று மார்ச் 29 அன்று மத்திய உள்துறை ஒரு உத்தரவு போட்டது. அதைப் பாராட்டி எங்கள் அறிக்கையில் ஒரு பத்தியே இருக்கிறது. சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவருக்குத்தான் அந்த உத்தரவால் பயன். பஜ்ஜிக் கடை வைத்திருப்பவருக்கு முதலாளி யார்? அந்த உத்தரவும் மே 18-ஆம் தேதியோடு விலக்கிக்கொள்ளப்பட்டது.

உங்களைப் பற்றியே ஒன்று. நீங்கள் அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் மார்ச் மாதம் பள்ளி மூடியதும் உங்கள் மதியச் சத்துணவும் நின்றிருக்கும். அதற்குப் பதிலாகப் பிறகு அரிசியும் பருப்பும் தந்தார்கள், ஆனால் அதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன. எங்களில் மூன்று பேர் பள்ளி ஆசிரியர்கள். அவர்களும் இதை எழுதச் சொல்லவில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு வேதனையாக இருக்கிறது.

சரி, இப்படிப்பட்ட வேண்டுகோள்களால் ஒன்றுமே நடக்கவில்லையா? நடந்தது. எவை நடந்தன என்று பார்த்தால் எப்படி எழுதுவது என்பதும் விளங்கும்.

2020 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசின் தரப்பில், அன்று காலை 11 மணி நிலவரப்படி ஊர் திரும்பும் புலம்பெயர் தொழிலாளர் யாரும் சாலையில் நடந்து போகவில்லை என்று சொல்லப்பட்டது. அதற்குப் பிறகும் இரண்டு மாதம் மக்கள் நடந்துகொண்டே இருந்தார்கள். மே மாதக் கடைசியில் மூத்த வழக்கறிஞர்கள் சிலர் சேர்ந்து நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். மே 26 அன்று நீதிமன்றம் தானாகவே இந்த விஷயத்தைக் கையில் எடுத்தது. இரண்டே நாளில், ஊர் திரும்பும் தொழிலாளர்களிடம் ரயில், பஸ் கட்டணம் வாங்கக் கூடாது, சோறும் தண்ணீரும் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தக் கடிதத்தால் மட்டுமே நடந்தது என்று சொல்ல மாட்டேன். நாடெங்கும் குரல்கள் எழுந்திருந்தன. ஆனால் நீதிமன்றம் தன் கடமையைச் செய்ய வேண்டும் என்று அது ஒரு வாசலைப் பார்த்துப் பேசியது. எங்கள் அறிக்கை ஆகாயத்தைப் பார்த்துப் பேசியது.

இன்னொன்று 2021-இல் நடந்தது. புதிய அரசு குடும்ப அட்டைக்கு 4,000 ரூபாயை இரண்டு தவணையாகத் தந்தது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட திருநங்கைக்குக் குடும்ப அட்டை ஏது? பெயர் இன்னும் அப்பா வீட்டு அட்டையில் இருக்கும், இல்லையென்றால் எங்குமே இருக்காது. திருநர் உரிமைக்காகப் போராடும் கிரேஸ் பானு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்டார்: அட்டையைக் கேட்காமல் கொடுங்கள். அந்த ஜூனில், அட்டை இல்லாத திருநங்கைகளுக்கும் 2,000 ரூபாய் உண்டு என்று அரசு அறிவித்தது. "திருநங்கைகளின் வாழ்வாதாரம் காக்கப்பட வேண்டும்" என்று எங்கள் அறிக்கையிலும் ஒரு வரி உண்டு. அட்டை என்ற சொல்லை நாங்கள் எழுதவில்லை.

நிவாரணம் பற்றி இவ்வளவு. பாதுகாப்பு என்பது வேறு. அதில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

2021 மே. இரண்டாம் அலை. இரும்பாலை வளாகத்தில் 500 ஆக்சிஜன் படுக்கைகள் போட்டார்கள், அந்த அளவுக்கு ஊர் திணறிக்கொண்டிருந்தது. ஒரு குடும்பத்தில் அம்மாவுக்கும் மகனுக்கும் தொற்று. வாடகை வீடு. மருமகளும் இரண்டு குழந்தைகளும் வெளியே வர முடியவில்லை, அரிசி தீர்ந்துவிட்டது. எனக்குத் தகவல் வந்ததும் படபடப்பில் தெருப் பெயரும் வீட்டு அடையாளமும் போட்டு, உதவி செய்யுங்கள் என்று எழுதி எல்லாக் குழுவுக்கும் அனுப்பிவிட்டேன். அரை மணி நேரத்தில் அரிசி வந்தது. மாலைக்குள் வீட்டு உரிமையாளருக்கும் செய்தி போய்விட்டது. தெருவில் மற்றவர்கள் வந்து சத்தம் போட்டிருக்கிறார்கள். குணமானதும் வீட்டைக் காலி செய்யச் சொன்னார் உரிமையாளர். அந்தப் பெண் என்னிடம் கோபப்படவில்லை. "அரிசி அனுப்புனீங்க, நன்றிங்கம்மா. ஆனா பேர் தெரியாம அனுப்பிருக்கலாம்ங்க" என்றார். ஜூன் மாதத்தில் ஆட்டோ பிடித்துச் சாமான் ஏற்றியபோது நான் தெருமுனையில் நின்று பார்த்தேன். அரிசி கேட்டு நான் எழுதிய அதே வரிதான் அவர்கள் தலைமேல் இருந்த கூரையைப் பிடுங்கியது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். யாருக்காக எழுதுகிறேனோ அவரிடம் முதலில் படித்துக் காட்டுவேன். போனில்தான் என்றாலும். அவர் எடு என்று சொன்ன வரியை எடுத்துவிடுவேன், அதனால் அறிக்கையின் உருக்கம் குறைந்தாலும் பரவாயில்லை. பெயர், முகவரி, நோய் மூன்றும் அதிகாரிக்குப் போகிற தனிக் கடிதத்தில் இருக்கட்டும். பொதுவில் வைக்கிற தாளில் இத்தனை குடும்பம், இந்தக் கடையின் எல்லை, இந்த அட்டை இல்லாததால் என்பது போதும். அரிசிப் பையோடு நிற்க வைத்துப் படம் எடுப்பதைக் கண்டால் தடுத்துவிடுங்கள். வீட்டுக்குள் அடி வாங்குகிற பெண்ணுக்காக எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். ஊரடங்கில் அவளும் அடிக்கிறவனும் ஒரே அறையில் இருந்தார்கள், அவளுடைய போன் அவன் கையில் இருந்திருக்கலாம்.

எழுதும் முறை என்று கேட்டீர்கள். யார் கையில் தீர்வு இருக்கிறதோ அவர் பெயருக்கு எழுதுங்கள். ரேஷன் டோக்கன் சிக்கலை முதல்வருக்கு எழுதுவதில் பயனில்லை, வட்ட வழங்கல் அலுவலரால் ஒரே நாளில் சரிசெய்ய முடியும். பட்டியலையே மாற்ற வேண்டும் என்றால் அது அரசாணை சம்பந்தப்பட்டது, அதை மேலேதான் கேட்க வேண்டும். ஏற்கனவே உள்ள உத்தரவைத் தேதியோடு சுட்டிக்காட்டுங்கள். 2020 ஏப்ரலில் தன்னார்வலர்கள் நேரடியாக உணவு கொடுக்கக் கூடாது என்று தடை வந்தபோது, விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. முன் அனுமதி தேவையில்லை, 48 மணி நேரத்துக்கு முன் தகவல் தந்தால் போதும் என்று நீதிமன்றம் சொன்னது. அந்த உத்தரவின் நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சோறு கொண்டுபோன நண்பர்கள் எனக்கு உண்டு. வழியில் நிறுத்தினால் வாதாடுவதில்லை, தாளை நீட்டுவார்கள். கையெழுத்து எத்தனை என்பதில் எனக்கு இப்போது நம்பிக்கை குறைந்துவிட்டது. நூறு பெயருக்குப் பதிலாக, அனுப்பிய மூன்றாம் நாள் அலுவலகத்துக்குப் போன் போட்டு "என்ன ஆச்சுங்க?" என்று கேட்கிற ஒருவர் போதும்.

பதிலே வராத கடிதங்கள் என்னிடம் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. அதையும் மறைக்கவில்லை. ஆனாலும் எழுதுங்கள் தம்பி. உங்கள் மாதிரி வேண்டுகோளைச் சேர்வராயன் மலையை வைத்தே எழுதுங்கள், எந்தச் சிற்றூரிலிருந்து எந்தக் கடைக்கு எவ்வளவு தூரம் என்பதிலிருந்து தொடங்குங்கள். உங்களுக்குத் தெரிந்த அந்த வழி எங்கள் ஆறேழு பேரில் ஒருவருக்கும் தெரியாது.

முடித்ததும் எனக்கு அனுப்புவதற்கு முன் அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள். அந்த ஏப்ரலில் அவருக்கு டோக்கன் எந்தத் தேதிக்கு வந்தது, அரிசி எந்தத் தேதியில் வீட்டுக்கு வந்தது, இடையில் எத்தனை தடவை நடந்தார் என்று கேட்டு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம்.

அன்புடன்,
அஸ்தம்பட்டி, சேலம்